வரம்பிலாச் சொல் வளமன்று

ஒரு பொருளுக்குப் பத்துச் சொல் இருப்பதை வளமென்று சொல்லி மகிழ்வது நம்மிடையே நெடுநாள் வழக்கம். பாவலனுக்கு அது வளந்தான். மருத்துவனுக்கும் உயிரியல் ஆய்வாளனுக்கும், நாளை தமிழிலேயே அறிவியல் பயில வேண்டிய நம் பிள்ளைகளுக்கும் அது வளமா என்பதே இங்கு வினா. அன்று என்பது என் விடை. வேர்ச்சொல் தூய்மைக்காக நாம் நடத்தும் போர் அறப்போரே; அதில் எனக்கு இம்மியும் ஐயமில்லை. ஆனால், தூய்மை வேறு, வரம்பு வேறு. தூய்மையுற்ற சொல்லும் வரம்பின்றி வழங்கினால் அறிவியலுக்கு உதவாது. இதற்குச் சான்றாக, தமிழுலகில் மிகச் சிலரே அறிந்த ஒரு சொற்றொகையின் செய்தியை எடுத்துரைப்பேன். அது நம்மவர் செய்ததன்று. ஆயினும் நாம் கற்க வேண்டியது அதனிடம் நிரம்ப இருக்கிறது.

மரபணுக்களுக்குப் பெயரிட்ட வரலாற்றைப் பார்த்தால், ஆங்கிலம் அறிவியலுக்கென்றே பிறந்த ஒழுங்குமிக்க மொழி என்று நம்மிடம் முழங்குவார் வாயடைத்துப் போவர். பழ ஈயை ஆய்ந்தோர் ஒரு மரபணுவுக்குக் 'கண்ணிலி' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். அது கெட்டால் ஈக்குக் கண் குன்றும். அல்லது இல்லாமலே போகும். ஆதலின் அப்பெயர். 1995-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வால்டர் கேரிங்கு என்பாரின் குழுவினர் அம்மரபணுவை ஈயின் காலிலும் சிறகிலும் உணர்கொம்பிலும் இயக்கிவிட, அவ்விடங்களிலெல்லாம் கண் முளைத்தது! கண்ணைப் படைப்பவனுக்குக் குருடன் என்று பெயர். சுண்டெலியை ஆய்ந்தோர் அதே மரபணுவின் சுண்டெலி வடிவைச் 'சிறுகண்' என்றழைத்தனர். மாந்த மருத்துவரோ, கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரை இன்றிப் பிறக்கும் நோயின் பெயரை அதற்கு வைத்தனர். மூன்று பெயரும் ஓருறவினவே என்பது 1994-இல்தான் வெளிப்பட்டது. இவ்வாறே 'சிறகிலி' என்று ஈயாய்வாளர் அழைத்ததும், சுண்டெலியின் மார்புப் புற்றில் 1982-இல் கண்டெடுத்து வேறொரு பெயரால் அழைத்ததும் ஒன்றே என்பது 1987-இல் தெளிந்தது. பின்னர் இரு பெயரையும் வெட்டி ஒட்டி 'உவின்ட்டு' என்று புதுப்பெயர் புனைந்தனர். புணர்ச்சி இலக்கணம் அறிந்தார் எவரும் ஒப்பாத ஒட்டு அது.

இன்னொரு கூத்தையும் சொல்லி மேற்செல்வேன். மாந்த மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப்பெயர் 'செப்டு-2', 'மார்ச்சு-1' என்றாற்போல் அமைந்திருந்தன. கணக்குத்தாள் வரையும் கணிப்பொறி மென்பொருள் அவற்றை நாட்குறிப்பென்று மயங்கித் தேதியாக மாற்றிவிட்டது. மரபணுப் பட்டியல்களோடு வெளிவந்த ஆய்வுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இத்தகைய பிழையுடையது என்று 2016-இல் கணக்கிட்டனர். முடிவில் பொறி திருந்தக் காத்திராமல் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினர்.

பெயர்க் குழப்பம் ஒருபுறமிருக்க, வினைக் குழப்பம் அதனினும் பெரிது. ஒரு மரபணு ஆக்கும் புரதம் உயிரணுவுள் என்ன தொழில் செய்கிறது என்பதை ஒவ்வோர் ஆய்வாளரும் தம் நடையில் எழுதிவந்தனர். ஒருவர் 'புரத ஆக்கம்' என்பார்; மற்றொருவர் 'மொழிபெயர்ப்பு' என்பார்; இருவர் கருதியதும் ஒன்றே. படிக்கும் மாந்தன் இதனைப் புரிந்துகொள்வான். பொறி புரிந்துகொள்ளாது. 1996-இல் நொதிப்பூஞ்சை எனப்படும் ஈசுட்டின் மரபணுத் தொகுதி முழுமையும் படித்தறியப்பட்டு, ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் ஒருசேர ஆய்வாளர் முன் வந்து நின்றன. 1998 இறுதியில் ஓர் உருளைப்புழுவினதும், 2000-இல் பழ ஈயினதும் வெளிவந்தன. இத்துணைப் பெருக்கைக் கையால் எழுதிக் கண்ணால் ஒப்பிடுவதெங்ஙனம்?

1998-இல் மூன்று தரவகத்தார் கூடினர். ஈயின் தரவகத்தார், நொதிப்பூஞ்சையின் தரவகத்தார், சுண்டெலியின் தரவகத்தார் ஆகிய மூவர். இம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர், 2023-இல் மறைந்த கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து மைக்கேல் ஆசுபர்னர். மரபணு வினையைக் குறிக்க மூவரும் ஒரே சொற்றொகையைக் கையாள்வதென்று முடிவு செய்தனர். 2000-இல் அதன் முதற் பேருரையை வெளியிட்டனர். பின்னர்ச் செடிகொடிகளின் தரவகங்களும் புழுவின் தரவகமும் பிறவும் வந்து சேர்ந்தன. இன்று ஏறத்தாழ 40,000 சொற்பதிவுகள் அதில் உள்ளன. எவரும் விலையின்றி எடுத்தாளலாம். அவர்கள் அதற்கிட்ட பெயர் 'சீன் ஆன்டாலசி' என்பது. மெய்யியலில் 'உள்பொருள் பற்றிய ஆய்வு' என்று பொருள்படும் சொல்லை இதற்கு எடுத்தது மிகையென்பது என் கருத்து. செய்தது சொல்லடைவு. ஆதலின் யான் அதனை 'மரபணு வினைச் சொல்லடைவு' என்றே அழைப்பேன்.

அதன் அமைப்பைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஒரு புரதத்தைப் பற்றி மூன்று வினாக்கள் கேட்கப்படுகின்றன. அது செய்யும் வேலை என்ன? எந்தப் பெருநிகழ்வின் பகுதியாக அவ்வேலையைச் செய்கிறது? உயிரணுவின் எவ்விடத்தில் செய்கிறது? மூன்றுக்கும் மூன்று தனிச் சொற்கோவைகள். ஒன்றின் சொல்லை மற்றொன்றில் கலத்தலாகாது. சைட்டோக்குரோம்-சி என்னும் சிறு புரதத்தை எடுத்துக்கொள்க. அதன் வேலை எதிர்மின்னியைக் கைமாற்றித் தருவது. அதன் இடம் உயிரணுவின் ஆற்றற்கூடமாகிய இழைமணி. அதன் நிகழ்வு உயிர்ப்பு. நாம் மூச்சால் இழுக்கும் உயிர்வளி பயன்படும் இறுதிக் கட்டத்திற்கு அது இன்றியமையாதது. இவ்வளவோடு நின்றிருந்தால் ஒற்றைச் சொல்லிலேயே முடித்திருக்கலாம். ஆனால் இழைமணியினின்று அப்புரதம் வெளியே கசிந்துவிட்டால், உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் நிகழ்வைத் தூண்டிவிடும் என்று 1996-இல் கண்டனர். உயிர்ப்புக்கும் இறப்புக்கும் ஒரே ஏவலாள்! வேலையையும் நிகழ்வையும் இடத்தையும் வேறு வேறாகப் பிரித்து வைத்ததால்தான் இவ்வுண்மையை முரணின்றிப் பதிய முடிந்தது. 'உயிர்ப்புப் புரதம்' என்று ஒரே பெயரிட்டு அடைத்திருந்தால், பின்னை உண்மைக்கு அங்கு இடமே இருந்திராது.

அடுத்து, சொற்கள் அகரவரிசையில் அடுக்கப்படவில்லை. தாய்-சேய் உறவால் கட்டப்பட்டுள்ளன. 'இது அதன் வகை', 'இது அதன் உறுப்பு', 'இது அதனை நெறிப்படுத்துவது' என்னும் உறவுகள். ஒரு சேய்க்குத் தாயர் பலர் இருக்கலாம். ஆயின் எந்தச் சேயும் சுற்றிவந்து தன் தாய்க்குத் தாயாதல் கூடாது. சேய்க்கு உண்மையானது தாய்க்கும், தாயின் தாய்க்கும், உச்சிவரை உண்மையாக வேண்டும் என்பது கண்டிப்பான நெறி.

இந்நெறி ஏட்டளவில் நிற்பதன்று; பிழையைக் காட்டிக்கொடுக்கும். கைட்டின் என்பது ஒரு கெட்டிப்பொருள். பூச்சியின் மேலோட்டில் அது உண்டு. நொதிப்பூஞ்சையின் உயிரணுச் சுவரிலும் உண்டு. 'கைட்டின் ஆக்கச் சிதைவு' என்னும் ஒரே சொல்லை மேலோட்டாக்கத்தின் உறுப்பாகவும் சுவராக்கத்தின் உறுப்பாகவும் வைத்தால் என்ன நேரும்? நொதிப்பூஞ்சையின் மரபணுவுக்கு அச்சொல்லை இட்ட அளவிலேயே, அதற்குப் பூச்சியோடு உண்டென்று பொறி முடிவு கட்டும்! எனவே அச்சொல்லைப் பிளந்து, 'மேலோட்டுக் கைட்டின்' எனவும் 'சுவர்க் கைட்டின்' எனவும் இரு சேய்களை ஆக்கினர். சொல்லின் பொருளெல்லையை இவ்வாறு தேய்த்துத் தேய்த்துக் கூராக்கும் உழைப்பை நம் கலைச்சொல் மன்றங்களில் யான் கண்டதில்லை.

'மொட்டு' என்னும் ஆங்கிலச் சொல்லும் அவர்களை இவ்வாறே அலைக்கழித்தது. செடியில் பூவரும்புவதும், தாடையில் பல்லரும்புவதும், நொதிப்பூஞ்சை புடைத்துப் புதுவுயிர் பிரிவதும் அம்மொழியில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. ஈவது வேறு, இடுவது வேறு என்று கொடையிலும் வேறுபாடு கண்ட தமிழனுக்கு இந்தக் குழப்பம் நகைப்பைத் தரலாம். நகைக்கு முன் ஒன்று எண்ணுக. நாவின் சுவையுணர் உறுப்பை நாம் 'சுவைமொட்டு' என்று எழுதுகிறோமே, அது என்றேனும் மலருமா? ஆங்கிலத்தின் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்த்துக்கொண்டோம். அரும்பு, முகை, மொட்டு, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களை அடுக்கிச் சொல்வோம். முகை முடிந்து மொட்டுத் தொடங்கும் எல்லை எது என்று கேட்டால் பத்துப் புலவர் பத்து விடை தருவர்.

நம் முன்னோர் இவ்வகை வரம்பை அறியாதவரல்லர். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர் ஒன்பதை வகுத்து, எவ்வெவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரித்து என்றும் வரையறுக்கிறது. அறிவின் அளவு கொண்டு ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை நிரல்படுத்துவதும் அவ்வியலே. அஃது உண்மை, பெருமைக்குரியதும் ஆகும். ஆனால், 'மரபணு வினைச் சொல்லடைவை அன்றே தமிழன் கண்டான்' என்று மேடையேறி மார்தட்டுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. அவன் கண்டது வரம்பு என்னும் நெறி. அந்நெறியைக் கைவிட்ட நமக்கு அவன் பெயரைச் சொல்லிச் செருக்குற என்ன உரிமை?

இச்சொல்லடைவில் என் நெஞ்சைக் கவர்ந்தது அதன் சான்றுமுறை. நூல்களையும் ஆய்வுரைகளையும் படித்து, இம்மரபணுவுக்கு இவ்வினை என்று பதிவோர் தனிப்பயிற்சி பெற்றவர்கள். நம் உரையாசிரியர் மரபை அறிந்தவர் இவர்களை உரையாளர் என்றே அழைப்பர். எதனைப் பதிந்தாலும் எவ்வுரையில் கண்டது, எவ்வகைச் சான்றால் பெற்றது என்று குறி இடாமல் பதிதல் கூடாது. நேரே ஆய்ந்து கண்டது ஒரு குறி. மரபணுவைக் கெடுத்து விளைவு நோக்கி உய்த்துணர்ந்தது ஒரு குறி. வேறோர் உயிரின் மரபணுவோடு ஒப்புமை கண்டு கருதியது ஒரு குறி. ஆய்வாளர் கூற்றை நம்பி எடுத்தது ஒரு குறி. கணிப்பொறி தானே இட்டது, மாந்தர் எவரும் பார்க்காதது என்பதற்கும் ஒரு குறி. காண்டல், கருதல், உரை என்று நம் அளவை நூலார் வகுத்ததை இங்கு வேறுருவிற் காண்கிறோம்.

இன்னும் இரண்டு குறிகள் உண்டு. 'இவ்வினையை இது செய்யவில்லை' என்று ஆய்ந்து கண்டால், அவ்வின்மையும் பதியப்படும். 'தேடிப்பார்த்தோம்; இதுகாறும் ஒன்றும் அறியப்படவில்லை' என்பதற்கும் தனிக்குறி உண்டு. இல்லையென்பதும் அறியோம் என்பதும் வேறு வேறு என்பதை இத்துணைத் தெளிவாகப் பிரித்து எழுதும் நேர்மை, நம் சொல்லாய்வாளர் பலரிடம் இருந்திருக்குமாயின், பாதிச் சொற்போர்கள் நிகழ்ந்தே இரா.

குறைகளும் உள. மாந்தர் பாராமல் பொறியே இட்ட பதிவுகள்தாம் அதில் மிகப் பெரும்பகுதி. புற்றுநோயோடு தொடர்புடைய சில மரபணுக்களைப் பல்லாயிரம் பேர் ஆய்வதால் அவற்றிற்குப் பதிவு குவிகிறது. எவரும் தொடாத மரபணு வெறுமையாய்க் கிடக்கிறது. பதிவு மிகுந்தது வினை மிகுந்ததென்று மயங்குவார் ஆய்வாளரிடையேயும் உளர். தொடக்க ஆண்டுகளில் 'வகை', 'உறுப்பு' என்னும் உறவுகளையே அவர்கள் பலவிடத்துக் கலந்து எழுதினர்; பேரி சிமித்து என்னும் மெய்யியலார் அதனைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டனத்தைப் பகையென்று கொள்ளாமல் உறவுகளின் இலக்கணத்தைத் திருத்திக்கொண்டனர். இத்திருந்தும் இயல்பே அதனை வாழவைத்தது.

இனி, நமக்கு நேரே உரிய செய்திக்கு வருகிறேன். அச்சொல்லடைவில் ஒவ்வொரு பொருளுக்கும் ஏழிலக்க எண் ஒன்று உண்டு. பொருளைச் சுட்டுவது அவ்வெண்ணே. சொல் அதன்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. பெயர் திருந்தலாம், எண் மாறாது. உயிரணுவின் தன்மாய்வைக் குறிக்கும் பதிவின் ஆங்கிலப் பெயரைப் பிற்காலத்தில் திருத்தினர். எண் நின்ற இடத்தில் நின்றது. பொருளே மாறினால் பழைய எண் ஓய்வு பெறும். அழிக்கப்படாது, வேறொன்றுக்கு வழங்கப்படவும் மாட்டாது. ஒருபொருட் பன்மொழிகளும் தள்ளப்படுவதில்லை. நேரொத்தது, விரிந்தது, சுருங்கியது, தொடர்புடையது என்று தரம் பிரித்து அவ்வெண்ணின்கீழ் வைக்கப்படும்.

நம் நிலை யாது? ஒரே உயிரியற் பொருளுக்குத் தமிழகத்தில் உயிரணு, செல்; ஈழத்தில் கலம்; பழம் பொத்தகங்களில் கண்ணறை. இங்கு ஒளிச்சேர்க்கை, அங்கு ஒளித்தொகுப்பு. இங்குத் திசு, அங்கு இழையம். மரபணு என்பதில் 'அணு' வடசொல்லென்று கொண்டு மரபீனி என்பார் உளர், ஈழத்தில் பரம்பரையலகு. இவையனைத்தும் ஆர்வத்தாலும் உழைப்பாலும் பிறந்த சொற்கள். 19-ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமர்ந்து மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதிய சாமுவேல் கிரீனின் காலந்தொட்டு, இத்துறையில் உழைத்தவர் எவரையும் யான் குறைத்துரையேன். ஆனால், இச்சொற்களில் எது எதற்கு நேர், எது விரிந்தது, எது சுருங்கியது என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு மன்றமும் முன்னவர் சொல்லை ஒதுக்கிப் புதிது புனைகிறது. ஒதுக்கப்பட்ட சொல்லில் படித்த தலைமுறை தெருவில் நிற்கிறது.

2009-க்குப் பின் ஈழத்திலிருந்து வந்து எம் வகுப்பிற் சேர்ந்த மாணாக்கன் ஒருவன், அறிவியல் தேர்வில் கலம், ஒளித்தொகுப்பு, நொதியம் என்றே எழுதினான். திருத்தியவர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்துச் சுழியம் இட்டார். யான் சென்று கேட்டேன். 'பாடப்பொத்தகத்தில் இச்சொல் இல்லை' என்றார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும் என்பதையும் அவரே சொன்னார். அப்பையன் மறு ஆண்டு ஆங்கில வகுப்புக்கு மாறிவிட்டான். தமிழனைத் தமிழே ஆங்கிலத்தின்பால் துரத்திய கொடுமை இது. அயலார்மேற் பழி போட இதில் இடமேயில்லை.

'வெள்ளையன் இட்ட எண்ணுக்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?' என்று நம் அன்பர் சிலர் வினவுவர். எண்ணுக்கு இனமில்லை. இன்று அவ்வெண்ணின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டு ஆங்கிலச் சீட்டு என்பதுதான் நம் கேடு. அதனருகே தமிழ்ச் சீட்டை ஒட்டுவதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. 2008-இல் பெர்லினில் தொடங்கிய, நோய்க்குறிகளுக்கான இதனையொத்த சொல்லடைவொன்றைச் சப்பானியரும் பிரெஞ்சியரும் இசுப்பானியரும் தத்தம் மொழியில் பெயர்த்து வருகின்றனர். அதில் மருத்துவர் சொல்லுக்கு அருகே பொதுமக்கள் சொல்லும் பதியப்படுகிறது. அரிய நோயுற்ற பிள்ளையின் தாய் சொல்லும் சொல், எண் வழியாக மரபணு வரை சென்று சேரும் பாலம் அது. நம் தாய்மார் சொல்லுக்கு அப்பாலம் எப்போது?

எனவே, நம் இயக்கத்தார் புதுச்சொல் புனைவதை ஓராண்டு நிறுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன். சினங்கொள்ள வேண்டா. அவ்வோராண்டில், உயிரணுவின் உறுப்புகளைக் குறிக்கும் பதிவுகளில் பள்ளிப் பாடத்திற்கு வேண்டிய இருநூற்றை மட்டும் எடுத்து, எண்ணுக்கு எண் தமிழ் எழுதுவோம். வேர்வழித் தூய சொல் ஒன்றைத் தலைமைச் சொல்லாக்குவோம். தேர்வதில் பாவாணர் வகுத்த சொற்பிறப்பு நெறியே நமக்கு அளவுகோல். ஏனைய சொற்களை, அவை ஈழத்தனவாயினும் தமிழகத்தனவாயினும், ஏன், ஆங்கில ஒலிபெயர்ப்பேயாயினும், இடக்குறியோடும் தரக்குறியோடும் கீழே வைப்போம். திருத்துவோர் கையில் அப்பட்டியல் இருக்குமாயின் எந்தப் பையனுக்கும் சுழியம் விழாது.

ஆங்கில ஒலிபெயர்ப்பைப் பட்டியலில் வைப்பதா என்று சிலர் முகஞ்சுளிப்பர். தலைமையில் வைக்கச் சொல்லவில்லை. நோயாளியின் தாளில் அதுவே எழுதப்பட்டிருக்க, அதிலிருந்து தமிழுக்கு வரும் வழியை அடைத்துவிட்டு யாருக்காக அகரமுதலி செய்கிறோம்?

முதற்பதிவின் வரைவை யானே எழுதியுள்ளேன். எண் 0005739. தலைமைச் சொல்: இழைமணி. வரையறை: கருவுடைய உயிரணுக்களில் பெரும்பாலானவற்றுள் இருப்பதும், ஈரடுக்குச் சவ்வால் சூழப்பட்டதும், தனக்கென மரபுப்பொருள் உடையதும், உயிர்வளி கொண்டு ஆற்றல் ஆக்குவதுமான உள்ளுறுப்பு. நேரொத்த சொல்: மைட்டோகாண்ட்ரியா, தமிழகப் பாடப்பொத்தக வழக்கு. தலைமைச் சொல்லின் இடக்குறி: ஈழம். தாய்: சைட்டோபிளாசம் என வழங்கும், உயிரணுவின் கருவுக்குப் புறத்தேயுள்ள பகுதி, உறவு, உறுப்பு. அத்தாய்க்குத் தலைமைச் சொல் எது என்பதில் எனக்கும் உடன்பணியாற்றும் உயிரியலாசிரியருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை.